மொம்பாசாத் தெருவும் பேச்சிப்பாறைக் கிழங்கும்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் பவழப்பாறைத் தீவொன்றின் மேல் அமைந்த மொம்பாசா நகரத்துக்குப் போகும் பிரயாணிகளை, உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னே நடந்து பழைய நகரத்தின் குறுகிய சந்துகளுக்குள் அழைத்துச் சென்று, முடுக்குக்கு முடுக்கு நிறுத்தி ஏதேனும் ஒரு தின்பண்டத்தை வாங்கிக் கொடுத்து, அதன் பூர்வோத்தரத்தை எடுத்துரைக்கும் வழக்கம் இப்போது நன்றாக வேரூன்றியிருக்கிறது. கோயில் சிற்பத்தை விளக்கவும் கோட்டையைச் சுற்றிக் காட்டவும் வழிகாட்டி வைத்துக்கொள்வதை நாம் அறிவோம். தெருவில் நின்று தின்பதற்கும் ஒரு வழிகாட்டியா என்று நம் ஊர்ப் பெரியவர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் நிதானமாக யோசித்தால், அரசர்கள் எழுப்பிய மதில்கள் அவர்கள் சொல்ல விரும்பியதை மட்டுமே சொல்லுகின்றன என்பதும், தெருவோரத்து அடுப்போ யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் அந்த ஊர் ஜனங்கள் எதைத் தின்று உயிர் தரித்தார்கள் என்பதை அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது என்பதும் விளங்கும்.

மொம்பாசாவில் விடியற்காலையில் முதலில் கைக்கு வருவது ஏலக்காய் மணக்கும் ‘மஹம்ரி’ என்னும் பொரித்த ரொட்டியும், அதற்குத் துணையாகத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்த துவரம்பயறும் ஆகும். அந்தத் துவரை ஆதியில் இந்தியாவிலிருந்து அங்கே போனது. நம் குழிப்பணியாரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க ‘விட்டும்புவா’, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குழிகள் கொண்ட சட்டியில் வேகிறது. மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, கரிக்கனலில் வாட்டிய இறைச்சித் துண்டுகள், செம்பாலான கூஜாவிலிருந்து சின்னஞ்சிறு கிண்ணத்தில் வார்க்கும் சர்க்கரையில்லாக் காப்பி, சிவப்புச் சாயமும் சர்க்கரையும் பூசிய பெருக்கமர விதை ஆகியவற்றையெல்லாம் கடந்து, பொழுது சாயும் நேரத்தில் கலங்கரை விளக்கத்தை அடுத்த கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தால், அங்கே வரிசையாக அடுப்பு மூட்டி ஒரு கிழங்கைச் சுட்டுக்கொண்டும், சீவலாக எண்ணெயில் பொரித்துக்கொண்டும் இருப்பார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எலுமிச்சம்பழம் பிழிந்து காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் அந்தப் பதார்த்தத்தை அவர்கள் ‘முஹோகோ’ என்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்காரன் ஒருவன் அங்கே போய் நின்றால் அவனுக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. அது அவன் வீட்டு மரச்சீனிக் கிழங்கு, மற்ற ஊராருக்கு மரவள்ளி.

இந்த ஒரு கிழங்கைப் பற்றிக்கொண்டு போனால் இரண்டு கரைகளின் சரித்திரமும் கூடவே வருகிறது. மரச்சீனி ஆப்பிரிக்காவுக்கும் சொந்தமன்று, திருவிதாங்கூருக்கும் சொந்தமன்று. தென் அமெரிக்காவில், அமேசான் காட்டின் தென்மேற்கு விளிம்பில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கிருந்த பூர்வகுடிகள் பயிராக்கிய செடி அது. அதன் உடம்பில் விஷம் உண்டு. கிழங்கு நறுக்குண்டு நசுங்கும்போது ஹைட்ரோசயானிக் அமிலம் வெளிப்படும். அதைத் துருவிப் பிழிந்தும், ஊறவைத்தும், புளிக்கவிட்டும், வறுத்தும் தீங்கற்ற ஆகாரமாக்கும் வித்தையை அந்த ஜனங்கள் நெடுங்கால அநுபவத்தால் கண்டுபிடித்திருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரேஸிலுக்கு வந்த போர்த்துக்கீசியர், அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கு மலிவான உணவாக இதன் மாவைக் கண்டுகொண்டு, காங்கோ நதி முகத்துவாரப் பக்கமாக ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் அதை இறக்கினார்கள். அங்கே அது பரவிய வேகம் ஆச்சரியமானது. வெட்டுக்கிளி வந்தால் மண்ணுக்கு மேலுள்ள தானியம் போய்விடும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போகாது. படை வந்தாலும் அப்படியே.

கிழக்குக் கரையின் கதை சற்றுப் பிந்தியது. 1498 ஏப்ரலில் வாஸ்கோ ட காமா மொம்பாசாத் துறைமுகத்துக்கு வந்து, வரவேற்பு சரியில்லாமற் போகவே வடக்கே மாலிந்திக்குச் சென்று, அங்கே கிடைத்த மாலுமியின் துணையால் மே மாதத்தில் கள்ளிக்கோட்டையை அடைந்தது எல்லோரும் படித்ததே. 1593-இல் போர்த்துக்கீசியர் மொம்பாசாவில் ஜீஸஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ மூன்று வருஷ முற்றுகைக்குப் பின் 1698-இல் ஓமான் அரபியர் அதைக் கைப்பற்றினார்கள். மரச்சீனி இந்து மகாசமுத்திரக் கரைகளில் ஊன்றியதற்கு இன்னொரு மனிதரையும் சொல்லவேண்டும். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப்பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா போர்தொனேயை நம் வாசகர்கள் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தோடு சேர்த்து நினைவு வைத்திருப்பார்கள். அவர் அதற்கு முன்பே மொரீஷியஸ் தீவின் கவர்னராக இருந்தபோது, அங்கே வேலை வாங்கிய அடிமைகளுக்கு வயிறு நிரப்ப வழி தேடி, மரச்சீனியைத் தருவித்துப் பயிரிடச் செய்தார். பட்டணத்தைப் பிடித்த பராக்கிரமம் மூன்றே வருஷத்தில் உடன்படிக்கையால் அழிந்துபோயிற்று; தருவித்த கிழங்கு அழியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸான்ஸிபாரில் கிராம்புத் தோட்டங்களும் மொம்பாசா, மாலிந்திப் பக்கத்தில் தானியத் தோட்டங்களும் அடிமைகளின் உழைப்பால் பெருகின. கிராம்பு கப்பலேறிப் போயிற்று. அந்தக் கிராம்பைப் பறித்தவர்கள், தங்களுக்கென்று ஒதுக்கிய துண்டு நிலத்தில், எஜமானனின் வேலை போக மிஞ்சிய பொழுதில், மரச்சீனி நட்டுத் தின்றார்கள். ஸான்ஸிபாரில் 1897-இலும், கென்யாக் கரையில் 1907-இலுமே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆகவே கலங்கரை விளக்கத்தருகே எலுமிச்சம்பழம் பிழிந்து தின்னும் சுவையான கிழங்குச் சீவலுக்கு அடியில் இருப்பது அரபு சுல்தானின் சமையற்கட்டு அல்ல. கிராம்புக் காட்டின் ஓரத்தில் நட்ட அந்தத் துண்டு நிலம். வாசனைத் திரவியங்களின் பெருமையைச் சொல்லித் தொடங்கும் வழிகாட்டி, இதையும் சொல்லி முடித்தாரானால்தான் அவர் வாங்கும் கூலிக்கு நியாயம் உண்டு.

இனி நம் கரைக்கு வருவோம். மரச்சீனி மலையாளக் கரைக்குப் போர்த்துக்கீசியர் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டளவில் வந்து, வெகுகாலம் தோட்டத்து மூலையில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைத் திருவிதாங்கூரின் பிரதான ஆகாரமாக்கியவர் விசாகம் திருநாள் மகாராஜா. 1880 முதல் 1885 வரை ஐந்தே வருஷம் ஆண்ட அவர், தாவர சாஸ்திரத்தில் தேர்ச்சி பெற்று, லண்டன் லின்னேயன் சங்கத்தின் அங்கத்தினராகவும் இருந்தவர். அரிசிக்கு ஈடாக ஏழைகளின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் இது என்று கண்டு, நல்ல இனங்களைத் தருவித்து நடச் செய்தார். விஷக் கிழங்கு என்று ஜனங்கள் அஞ்சியபோது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தின்னும் முறையை அரண்மனையிலிருந்தே சொல்லிக் கொடுத்ததாகத் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், பிற்காலத்தில் தான் உருவாக்கிய ஓர் இனத்துக்கு ‘ஸ்ரீ விசாகம்’ என்று பெயர் சூட்டியது. அரசர்களின் பெயரைத் தெருவுக்கு வைப்பதைக் காட்டிலும் கிழங்குக்கு வைத்தது எவ்வளவோ மேல்.

தண்ணீரைக் கொட்டும் அந்தச் சிறு காரியம் லேசானதன்று. 1981-இல் மொம்பாசாவுக்குத் தெற்கே, அதே கரையிலுள்ள மொஸாம்பிக் நாட்டு நம்புலா மாகாணத்தில், கடுமையான வறட்சியின் நடுவில், கசப்பு மரச்சீனியை முறைப்படி உலர்த்திப் பதப்படுத்தக் காலமும் பொறுமையும் இல்லாமல் தின்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், திடீரென்று கால் விளங்காமற் போனார்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் கிழங்கின் மேல்தோலையும் உள்தோலையும் சீவி எறிந்து, நிறையத் தண்ணீர் விட்டு, பானையை மூடாமல் கொதிக்கவிட்டு வடிப்பதில் எத்தனை உயிரின் காவல் அடங்கியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும்.

விசாகம் திருநாளுக்குப் பின் வந்த மூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது. 1897-இல் தொடங்கிய வேலை 1906-இல் நிறைவேறியது. சுமார் 26 லட்சம் ரூபாய் செலவாயிற்று. அதை முன்னின்று நடத்திய எஞ்ஜினீயர் அலெக்ஸாண்டர் மிஞ்சின், ஊரார் வாயில் ‘மூக்கன் துரை’ என்று நிலைத்துவிட்டதாகச் சொல்வார்கள். 1913-இல் காலமான அவருடைய கல்லறை அணையின் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ அதே வருஷங்களில், 1896 முதல் 1901 வரை, மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரைக்கும் உகாண்டா ரயில்பாதை போடப்பட்டது. அதற்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற சுமார் 32,000 பேரில் பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மடிந்தார்கள். மொம்பாசாத் தெருவில் இன்று சப்பாத்தியும் பஜியாவும் உள்ளூர்ச் சரக்காக விற்பதற்கு, முன்பிருந்தே வந்துபோன வியாபாரிகளும் காரணம், இந்தக் கூலிகளும் காரணம்.

பேச்சிப்பாறை அணையில் தேங்கிய நீர் புத்தன் அணையிலிருந்து கால்வாய்களாகப் பிரிந்து, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களை நோக்கிப் போயிற்று. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற நாஞ்சில் நாட்டில் இருபோகமும் நிச்சயப்பட்டது. ஆனால் அந்த நீர் தேங்கிய இடம் மலைச் சரிவு. அங்கே நெல் விளையாது. நீர்ப்பிடிப்பைச் சுற்றிய காடுகளில் ஆதி தொட்டு வாழ்ந்த காணிக்காரர்கள், முன்னே கவலை, நூறை முதலான காட்டுக் கிழங்குகளைத் தோண்டித் தின்றவர்கள், மரச்சீனியை ஏற்றுக்கொண்டு தங்கள் விளைநிலங்களில் அதையே பிரதானமாக நட்டார்கள். பின்னே ரப்பர்த் தோட்டங்களில் கூலிக்கு வந்தவர்களுக்கும் கிழங்கே அன்றாட ஆகாரமாயிற்று. மேலே தேங்கிய நீர் கீழே சோறாயிற்று. நீர் தேங்கிய கரையிலிருந்தவர்களுக்கோ கிழங்குதான் வாய்த்தது. எந்த நீர்ப்பாசன அறிக்கையிலும் இந்தக் கணக்கு இடம்பெறாது. பேச்சிப்பாறைச் சாயாக்கடையின் தட்டில் மட்டும் அது எழுதப்படாமல் எழுதியிருக்கிறது.

நெல் விளைந்த ஊரிலும் ஒரு காலம் கிழங்கைத் தேடும்படி ஆயிற்று. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, வரவழைத்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்தக் கப்பல்கள் நின்றன. ரேஷன் அரிசிக்காக வரிசையில் நின்று, கிடைத்த படியரிசியைக் கஞ்சியாக்கி, மற்ற வேளைக்கெல்லாம் கிழங்கையே நம்பிய அந்த யுத்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பழைய தலைமுறையினர் பேச்சை அதற்கு மேல் வளர்க்காமல் நிறுத்திவிடுவார்கள். பட்டினிச் சாவுகள் திருவிதாங்கூரின் வடபகுதியில், குறிப்பாகச் சேர்த்தலைப் பக்கத்தில் நேர்ந்தன. அங்ஙனம் இன்னும் அதிகம் நேராமல் காத்ததில் மரச்சீனிக்குப் பெரும் பங்கு உண்டு. அதே யுத்தத்தால் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி தடைப்படவே, சேலத்தில் 1943-இல் மாணிக்கம் செட்டியார் முதலியோரின் முயற்சியால் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது; அந்த ஜவ்வரிசிதான் இன்று பாயசத்தில் முத்துமுத்தாக மிதக்கிறது.

பஞ்சத்தில் கைகொடுத்த ஆகாரத்துக்குப் பஞ்சம் தீர்ந்ததும் மரியாதை போய்விடுவது உலக சுபாவம். அரிசி மறுபடி தாராளமாகக் கிடைத்தபோது, வயலுடைய குடும்பங்கள் கிழங்கை வேலைக்காரர் சாப்பாடு என்று ஒதுக்கின. பள்ளிக்கூடத்துக்குக் கிழங்கு கட்டிக்கொண்டு போன பிள்ளை மூடியைத் திறக்க வெட்கப்பட்டது. 1970-களின் நடுவில் உச்சத்தை எட்டிய கேரளத்து மரச்சீனிச் சாகுபடி அதற்குப் பின் சுருங்கிற்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலும் அதன் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. இப்போதோ காற்று மாறி வீசுகிறது. அணையைப் பார்க்கவும், திற்பரப்பு அருவியில் குளிக்கவும் வருகிறவர்கள் வழியோரக் கடையில் வண்டியை நிறுத்தி, மயக்கிய கிழங்கும் சாளை மீன்கறியும் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், காந்தாரி மிளகாய் இவற்றை ஒன்றிரண்டாகச் சதைத்து வெந்த கிழங்கில் சேர்த்து மசித்த அந்தப் பதார்த்தத்தில் கிழங்கும் மிளகாயும் அமெரிக்காக் கண்டத்துக்காரர். பக்கத்தில் குழம்பாக நிற்கும் குடம்புளி மாத்திரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிறவிக் குடிமகன். மொம்பாசாக் காகிதப் பொட்டலத்திலும் இதே கணக்குத்தான்: கிழங்கும் மிளகாயும் மேற்கேயிருந்து வந்தன, எலுமிச்சை கிழக்கேயிருந்து போயிற்று.

ஆப்பிரிக்காவில் இந்த மரியாதை இன்னும் வெளிப்படையாகத் திரும்பியிருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டின் துறைமுக நகரமான அபிஜானின் தெருக்களில் பொரித்த மீனோடு விற்கும் ‘அத்தியேகே’, மரச்சீனியைத் துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்து ஆவியில் வேகவைத்தது. அதைச் செய்யும் பெண்களின் கைத்திறன் 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது. வறுத்த ‘காரி’ மாவு இல்லாமல் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்குப் பொழுது விடியாது. உலகத்திலேயே அதிக மரச்சீனி விளைவிக்கும் நாடு அது.

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை அங்கே கொண்டு இறக்கியது. 1911 வரையில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள், அவர்களில் பெரும் பகுதியினர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பை நிரப்பிய ‘பன்னி சௌ’ அந்த இந்தியர் தெருக்களில் பிறந்து இன்று நகரத்தின் அடையாளமாகிவிட்டது. வார்விக் சந்திப்புச் சந்தைகளின் ஊடே பிரயாணிகளை நடத்திச் செல்லும் ஏற்பாடும் அங்கே உண்டு. 2009-இல், உலகக் கால்பந்துப் போட்டி வரப்போகும் சாக்கில், இந்தியக் குடும்பங்கள் தலைமுறையாகக் கடை வைத்திருந்த விடியற்காலைச் சந்தையை இடித்து அங்காடி மாளிகை கட்ட நகராட்சி முற்பட்டபோது, வியாபாரிகள் எதிர்த்து நின்று அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சந்தை இல்லாமற்போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்பதை வழிகாட்டிகள் அறிந்திருக்கிறார்கள்.

கிழங்குக்கும் சமீபத்தில் ஓர் ஆபத்து வந்து நீங்கிற்று. அதைத் தீர்த்தது ஆப்பிரிக்கா. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து காங்கோவுக்குத் தொற்றிய மாவுப்பூச்சி ஆப்பிரிக்கக் கிழங்குத் தோட்டங்களை நாசமாக்கியபோது, ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிஸ் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் அந்தப் பூச்சியின் தாயகத்திலேயே அதன் சத்துருவான ஒரு நுண்ணிய குளவியைத் தேடிப் பிடித்து, நாடு நாடாக விட்டு அடக்கினார்கள். 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020-இல் அதே பூச்சி கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவியது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் பறக்கவிட்டார்கள். ஒரு காலத்தில் அடிமைக் கப்பல்களோடு பயணப்பட்ட கிழங்கு, இப்போது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து காவலாளியையும் வரவழைத்துக்கொண்டது.

பேச்சிப்பாறைக்கு இன்று வருகிறவர்கள் அணையின் மேல் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, கடையில் கிழங்கைத் தின்று, கைகழுவி வண்டியேறிவிடுகிறார்கள். மிஞ்சினுடைய கல்லறை எங்கே என்று கேட்பவர் சிலர். கிழங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் இல்லை. அருகிலுள்ள குலசேகரத்திலும் திருவட்டாற்றிலும் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு என்னுடைய விண்ணப்பம் ஒன்று உண்டு: மொம்பாசாக்காரர்கள் செய்வதை நீங்களும் செய்யலாம். கல்லறையில் தொடங்கி, அணையைக் காட்டி, நீர் எந்த வயலுக்குப் போயிற்று என்று சொல்லி, காணிக்காரர்களின் விளைநிலத்தை அவர்களுடைய சம்மதத்தோடு காட்டி, பெருஞ்சாலையோரத்துச் சாயாக்கடையில் முடித்தால் அரைநாள் போதும்; அதற்கு மண்டபமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். வருகிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: காரம் தாங்காதவர்கள் கடைக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், காந்தாரி மிளகாய் விருந்தாளி என்று தாட்சண்யம் பார்ப்பதில்லை.